பெருந்தொற்றுக் கால இறுக்கம் வீட்டுக்குள் பதின்வயதுப் பிள்ளைகளை எப்படிப் போய்ச் சேர்ந்தது?

நிழல்மரம் (இழையைத் தொடங்கியவர்)

கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. 2020-ல் ஆறாவது, ஏழாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இன்று பள்ளியை முடித்துவிட்டார்கள், அல்லது முடிக்கப்போகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே பள்ளி மூடியதையும் மொபைல் கைக்கு வந்ததையும்தான் சொல்கிறோம். இரண்டும் உண்மைதான். மூடல் உச்சத்தில் இருந்தபோது 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. ஆனால் அத்தனை பேரும் ஒரே மாதிரி பாதிக்கப்படவில்லையே. ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேரில் ஒருவர் சுருங்கிப்போனார், இன்னொருவர் சமாளித்து வந்தார். இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980-களில் விவசாயிகள் கடனில் மூழ்கி நிலத்தை இழந்தார்கள். ராண்ட் காங்கர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஏழாம் வகுப்புப் பிள்ளை உள்ள 451 குடும்பங்களை 1989 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். பணக்கஷ்டம் பெரும்பாலும் நேரே பிள்ளையிடம் போவதில்லை என்பதை அவர்கள் பார்த்தார்கள். முதலில் கட்டமுடியாத பில், தள்ளிப்போடும் வைத்தியம் என்று தினப்படி நெருக்கடி வருகிறது. அதில் அப்பா அம்மாவின் மனம் குலைகிறது. பிறகு இருவருக்குள்ளும் உரசல். உரசலில் இருப்பவர்கள் பிள்ளையிடம் எரிந்து விழுகிறார்கள், இல்லையென்றால் பிள்ளை அங்கே இருப்பதையே கவனிக்காமல் விடுகிறார்கள். பிள்ளையின் சோர்வும் கோபமும் படிப்பில் சரிவும் அங்கிருந்து தொடங்குகின்றன.

2020-லும் இதே பாதைதான் என்று நினைக்கிறேன். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அயோவாப் பிள்ளைக்குப் பள்ளி திறந்திருந்தது, நண்பன் வீடு இருந்தது, வீட்டில் சத்தம் வந்தால் வெளியே போய்விட்டு வரலாம். 2020-ல் பிள்ளைக்கும் போக இடமில்லை, சத்தம் போட்டவருக்கும் போக இடமில்லை. கிருமியும் லாக்டவுனும் ஊருக்கே பொது. பிள்ளைக்குக் கிடைத்தது அது தன் வீட்டுக்குள் எந்த வடிவத்தில் வந்ததோ அதுதான்.

உங்கள் அனுபவம் என்ன?


சேரன்77

நண்பரே, ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வேலை போகவில்லை, சண்டை சச்சரவும் இல்லை. ஆனாலும் என் மகள் 13 வயதில் கதவைச் சாத்திக்கொண்டவள்தான். முன்பு எதற்கெடுத்தாலும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள். என்னைக் கேட்டால் காரணம் மொபைல். வகுப்புக்கு என்று கொடுத்தோம், அப்புறம் திரும்பி வரவே இல்லை. வீட்டில் சண்டை இருந்ததா இல்லையா என்று ஆராய்வதைவிட அந்தக் கருவியைப் பற்றிப் பேசுவது நல்லது.


கணக்கு டீச்சர்

சேரன் சார், நான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட, பெயர் மட்டும் தெரியும் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பாடம் நடத்தியவள். மொபைலைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அந்த வயதில் அவர்கள் அதில் எதைத் தேடினார்கள் என்பதையும் பார்க்கவேண்டும்.

பதின்வயது என்பது பெற்றோரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகி, சமவயதுக்காரர்கள் நடுவில் தனக்கு ஓர் இடம் தேடும் பருவம். நண்பன் என்ன நினைக்கிறான், தோழி ஏன் பேசவில்லை என்பதெல்லாம் நமக்குச் சின்ன விஷயம். அவர்களுக்கு அது உயிர் போகிற விஷயம், மூளையே அப்படித்தான் அந்த வயதில் வேலை செய்கிறது. ஏமி ஆர்பன், லிவியா டோமோவா, சாரா ஜேன் பிளேக்மோர் மூவரும் 2020-லேயே லான்செட் என்ற மருத்துவ இதழின் குழும இதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதினார்கள். சமவயதினரின் நேரடிச் சேர்க்கை அறுந்துபோவது பெரியவர்களைவிட இந்த வயதினரை ஆழமாகத் தாக்கக்கூடும் என்றார்கள். டிஜிட்டல் தொடர்பு அந்த இழப்பை ஓரளவு குறைக்கலாம் என்றும் அதிலேயே சொன்னார்கள். நண்பர்களோடு பேசுவதற்கு மொபைலைப் பயன்படுத்திய பிள்ளையும், இரவு முழுக்க யாரிடமும் பேசாமல் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே இருந்த பிள்ளையும் வேறு வேறு. இருவரையும் நாம் ‘எந்நேரமும் மொபைல்’ என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடுகிறோம்.

பள்ளி திறந்தபின் நான் பார்த்தது இது. பாடத்தில் பின்தங்கியதை ஓர் ஆண்டில் ஓரளவு சரிசெய்ய முடிந்தது. குழுவாக உட்கார வைத்தால் பேசத் தெரியாமல் தலைகுனிந்திருந்தது அதைவிட நீண்டநாள் நீடித்தது.


இரவுப்பறவை

எனக்கு இப்போது 20 வயது, அப்போது பதினான்கு. இங்கே பெரியவர்கள்தான் அதிகம் என்று தெரிகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பாதிச் சம்பளம் ஆனது. ஒரே ஹால், ஒரே அறை. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினால் பிள்ளைகளுக்குக் கேட்காது என்று நினைக்கிறார்கள். குரல் தாழ்ந்தால்தான் நாங்கள் காதைத் தீட்டிக்கொள்வோம். கடன் எவ்வளவு, யாரிடம் கேட்கப்போகிறார்கள், யார் கொடுக்கவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ள முடியாது. அம்மா என்னிடம் வந்து அப்பாவைப் பற்றிச் சொல்வார், அப்பா என்னிடம் வந்து ‘உங்க அம்மாகிட்ட சொல்லு’ என்பார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் வார்த்தையை மாற்றிச் சொல்லிச் சமாதானம் செய்வது என் வேலையாகிவிட்டது. அந்த நாட்களில் படித்த எந்தப் பாடமும் எனக்கு நினைவில்லை. இருவரில் யார் எப்போது வெடிப்பார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இரவு இரண்டு மணிவரை ஏன் விழித்திருந்தாய் என்று இன்றும் கேட்கிறார்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிய அந்த நேரத்தில் மட்டும்தான் என்னை யாரும் பார்க்கவில்லை. யாரையும் நான் கவனிக்கவேண்டியதும் இல்லை.


நிழல்மரம்

இரவுப்பறவை, இதை எழுதியதற்கு நன்றி. நான் ஆய்வை வைத்துச் சொன்னதை நீங்கள் வாழ்ந்து சொல்லிவிட்டீர்கள்.


அல்லி

இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. சுற்றிச் சுற்றி மறுபடியும் அம்மா அப்பா தலையில்தான் வந்து விழுகிறது. அதிலும் ‘வீட்டுச் சூழல்’ என்று சொன்னால் அதை யார் தலையில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவள். வீட்டிலிருந்தே அலுவலக வேலை, பெரியவனுக்கு வகுப்பு, சின்னவளுக்கு வகுப்பு, சமையல், படுக்கையில் இருந்த என் அம்மா. மீட்டிங்கில் பேசிக்கொண்டே பாத்திரம் தேய்த்த நாட்கள் உண்டு. எனக்கு மனம் குலையக்கூடாதா? அப்படிக் குலைந்தால் அது என் பிள்ளைக்கு நான் செய்த கெடுதலா? பூட்டிய வீட்டுக்குள் அடிவாங்கிக்கொண்டு இருந்த பெண்களும் உண்டு. ஐ.நா. பெண்கள் அமைப்பு அதை ‘நிழல் பெருந்தொற்று’ என்றே சொன்னது. அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் ‘உன் அம்மா உன்னிடம் சிடுசிடுத்தாள், அதனால்தான் நீ இப்படி’ என்பீர்களா?


நிழல்மரம்

அல்லி, நியாயமான கேள்வி. சுருக்கமாகக் கடந்துபோக மனம் வரவில்லை.

காங்கரின் பாதையில் அப்பா அம்மா நடுவில்தான் வருகிறார்கள், தொடக்கத்தில் இல்லை. தொடக்கத்தில் இருப்பது வருமான இழப்பு, நோய், ஆளில்லாத பராமரிப்பு வேலை. அது தெரிந்தால் கேள்வி மாறும். இந்த அம்மா ஏன் சிடுசிடுத்தாள் என்று கேட்கமாட்டோம். இவளுக்கு ஏன் ஒருவரும் தோள் கொடுக்கவில்லை, சம்பளத்தோடு விடுப்பு ஏன் கிடைக்கவில்லை, அந்த வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்திருந்தால் அவர் என்ன செய்தார் என்றுதான் கேட்போம். பிள்ளையின் மனநலத்துக்கு என்று திட்டம் போடுகிறவர்கள் பிள்ளையை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுப் பேசி அனுப்புகிறார்கள். அது போதாது என்பதுதான் என் வாதம். அம்மாவின் பாரத்தைக் குறைப்பதும் பிள்ளைக்குச் செய்யும் சிகிச்சைதான். இதை நான் முதல் பதிவிலேயே தெளிவாகச் சேர்த்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் ஏற்கிறேன்.

அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டை இந்தப் பேச்சோடு கலக்கவே கூடாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.


தூரிகை

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டே. என் மகனுக்கு லாக்டவுன் நல்லதாகத்தான் இருந்தது. பள்ளியில் அவனைக் கேலி செய்தே நோகடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்த மாதங்களில் நன்றாகத் தூங்கினான், வரையத் தொடங்கினான். பள்ளி திறக்கிறது என்ற செய்தி வந்த அன்றிரவே வயிற்றுவலி. யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்காக ஏங்கினார்கள் என்றே எல்லோரும் எழுதினார்கள்.


முகில் (மனநல ஆலோசகர்)

தூரிகை, உங்கள் மகன் தனி ஆள் இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் 13, 14 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை லாக்டவுனுக்கு முன்பும் நடுவிலும் கேட்ட ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. பதற்றத்துக்கான அபாயத்தில் இருந்த பெண்பிள்ளைகள் 54 சதவீதத்திலிருந்து 45 ஆகவும், ஆண்பிள்ளைகள் 26-லிருந்து 18 ஆகவும் குறைந்திருந்தார்கள். பள்ளியில் ஏற்கெனவே ஒட்டாமல் இருந்த பிள்ளைகளிடம் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அது முதல் சில மாதங்களின் படம். நாள் நீள நீளப் பொதுவான போக்கு கீழே போனது.

அந்தப் போக்குக்கு அதிகம் சொல்லப்படும் கணக்கு 2021-ல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 80,879 பிள்ளைகள். மனச்சோர்வு அறிகுறிகள் கவனிக்கவேண்டிய அளவில் இருந்தவர்கள் 25.2 சதவீதம், பதற்றம் 20.5 சதவீதம். பெருந்தொற்றுக்கு முந்தைய மதிப்பீடுகளைப் போல ஏறக்குறைய இருமடங்கு. வயதில் மூத்த பிள்ளைகளிடம் சோர்வு கூடுதல், பெண்பிள்ளைகளிடம் இரண்டுமே கூடுதல். இவை பெரும்பாலும் கேள்வித்தாளில் பிள்ளைகள் குறித்தவை. மருத்துவர் பரிசோதித்து நோய் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

பெண்பிள்ளைகள் எண்ணிக்கையில் கூடுதலாகத் தெரிவதால் பையன்களுக்கு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பையனின் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாக, எதிர்த்துப் பேசுவதாக, கதவை அறைவதாக வெளியே வரும். திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம். அழும் பிள்ளைக்கு அனுதாபமும் கத்தும் பிள்ளைக்குத் திட்டும் கிடைக்கிறது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் வலிக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் இங்கே வரவில்லை. இறப்பு. 2020 மார்ச் முதல் 2021 ஏப்ரல் வரையிலான 14 மாதங்களில் மட்டும் உலகம் முழுவதும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரையோ தங்களோடு இருந்து பார்த்துக்கொண்ட தாத்தா பாட்டியையோ இழந்ததாக லான்செட்டில் ஒரு மதிப்பீடு வந்தது. முகம் பார்க்காமல், சடங்கு இல்லாமல், ஆள் கூடாமல் போன சாவுகள் அவை. அழவேண்டிய நேரத்தில் அழாத பிள்ளை இரண்டு மூன்று வருடம் கழித்து வேறு ஏதோ சின்னத் தோல்வியில் உடைந்து போவதை என் வேலையில் பார்க்கிறேன்.


வானம்பாடி

மேடம், லாக்டவுனால் பிள்ளைகளின் மூளைக்கு வயதாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் மகள் அதைப் படித்துவிட்டுத் தன் மூளை கெட்டுவிட்டது என்கிறாள். உண்மையா?


முகில் (மனநல ஆலோசகர்)

ஆய்வு உண்மை, செய்தி அதை ஊதிவிட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா குல் குழு 2024-ல் வெளியிட்டது. மூளையின் வெளி அடுக்கு (புறணி) பதின்வயதில் மெலிவது இயல்பு, முதிர்ச்சியின் பகுதி. எதிர்பார்த்ததைவிட அது விரைவாக நடந்திருந்தது. பெண்பிள்ளைகளிடம் சராசரியாக 4.2 ஆண்டு முந்தி, ஆண்பிள்ளைகளிடம் 1.4 ஆண்டு. இதற்கு மூளை கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. பெரும்பாரத்தை அந்த மூளைகள் சுமந்ததன் தடம் என்று மகளிடம் சொல்லுங்கள். அந்த வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும், இருபதுகளின் நடுவரை.


சேரன்77

நேற்று மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். கொஞ்சநேரம் படித்துவிட்டு ஒன்று சொன்னாள். அந்த நாட்களில் என் அம்மா, அதாவது அவளுடைய பாட்டி, எங்களோடுதான் இருந்தார். தான் வெளியே ஒரு தோழியைப் பார்த்துவிட்டு வந்து, அதனால் பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் அறையை விட்டே வராமல் இருந்தாளாம். பாட்டி இருமினால் தனக்கு நெஞ்சு அடைக்கும் என்றாள். அம்மா நல்லபடியாக இருக்கிறார். ஆனால் இவள் அதை இத்தனை வருடம் சொல்லவில்லை.

மொபைல் பற்றிய என் கருத்து மாறவில்லை. இரவில் அது படுக்கையறையில் இருக்கக்கூடாது என்பதில் நான் உறுதி. ஆனால் கதவு சாத்தியதற்குக் காரணம் அது இல்லை என்று இப்போது தெரிகிறது.


கணக்கு டீச்சர்

சார், இதைக் கேட்டு மனம் கனத்துப்போனது. ‘நீங்கள்தான் தாத்தா பாட்டிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவீர்கள்’ என்று அன்று எல்லாத் திசையிலிருந்தும் பிள்ளைகளிடம் சொன்னோம். சுகாதார எச்சரிக்கையாகச் சரிதான். 13 வயதுப் பிள்ளை அதை ‘என்னால் பாட்டி சாவார்’ என்று கேட்டுக்கொள்ளும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பொறுப்பு என்ற விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வளர்ந்த பிள்ளைகளைக் கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளை கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். வறுமை வந்தபோது பதின்வயதில் இருந்தவர்கள், அப்போது சின்னஞ்சிறு பிள்ளைகளாக இருந்தவர்களைவிட நன்றாகவே தேறினார்கள். பெரிய பிள்ளைகள் சின்ன வேலைக்குப் போனார்கள், வீட்டு வேலையை எடுத்துச் செய்தார்கள், குடும்பத்துக்குத் தாங்கள் தேவை என்று உணர்ந்தார்கள். பொறுப்பே பிள்ளையைக் கெடுப்பதில்லை. இரவுப்பறவைக்குக் கொடுக்கப்பட்டது வேறு வகை. தண்ணீர் பிடித்து வைப்பதும் தங்கைக்குப் பாடம் சொல்வதும் ஒரு பிள்ளை செய்து முடிக்கக்கூடியவை. அப்பா அம்மாவைச் சேர்த்து வைப்பதை எந்தப் பிள்ளையாலும் செய்து முடிக்க முடியாது.


அல்லி

டீச்சர் சொன்னது எனக்குப் பொருந்துகிறது. என் பெரியவன் அந்த வருடம் பாட்டிக்கு மருந்து கொடுக்கும் வேலையை முழுக்க எடுத்துக்கொண்டான். இன்றும் பெருமையாகச் சொல்வான்.

வீட்டில் கத்தல் நடந்துவிட்டால் பிறகு என்ன செய்வது, முகில் மேடம்? கத்தாமல் இருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.


முகில் (மனநல ஆலோசகர்)

சொல்லமாட்டேன். கத்தாத வீடு இல்லை. கத்தலுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் பிள்ளை மனதில் தங்கும். பெரும்பாலான வீடுகளில் ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த மௌனத்தைப் பிள்ளை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறது, பெரும்பாலும் ‘என்னால்தான்’ என்று. ‘எனக்குப் பணக்கவலை, அதை உன்மேல் காட்டிவிட்டேன், நீ எதுவும் செய்யவில்லை’ என்று ஒரு வரி சொன்னால் போதும். நீண்ட பேச்சு வேண்டாம். இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டிருந்தால், சமாதானம் ஆனதும் பிள்ளைக்குத் தெரியட்டும்.

எதிரெதிரே உட்கார வைத்துப் ‘பேசு’ என்றால் இந்த வயதில் வாய் திறக்காது. பக்கத்தில் நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ கை வேலையாக இருக்கும்போது வரும். வந்தால் உடனே தீர்வு சொல்லாதீர்கள்.

தூக்கம் முக்கியம். பருவமடையும்போது உடலின் கடிகாரமே ஒன்றிரண்டு மணிநேரம் பின்னால் தள்ளிப்போகும், அதனால் தாமதமாகத் தூக்கம் வருவது முழுக்கச் சோம்பல் இல்லை. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணிநேரம் வேண்டும். எழும் நேரத்தை நிலையாக வைத்தால் படுக்கும் நேரம் மெல்லச் சரியாகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல், சாப்பாடும் தூக்கமும் மாறி, நண்பர்களையும் விட்டு விலகினால் மருத்துவரைப் பாருங்கள். ‘நான் இல்லாமல் இருந்தால் நல்லது’ என்ற பேச்சு எந்த வடிவில் வந்தாலும் அன்றே பாருங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படவேண்டாம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை.


இரவுப்பறவை

அல்லி அக்கா, என்னைக் கேட்டால் ஒரே ஒன்று போதுமாக இருந்திருக்கும். ‘இது எங்கள் இரண்டு பேர் விஷயம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போய் விளையாடு’ என்று யாராவது சொல்லியிருந்தால்.


வானம்பாடி

என் மகளுக்கு 16. முகில் மேடம் சொன்ன இரண்டு வாரக் கணக்கெல்லாம் தாண்டிவிட்டது. கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். அவள் அப்பாவும் ‘இதற்கெல்லாம் டாக்டரா’ என்கிறார். போனவுடன் மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.


முகில் (மனநல ஆலோசகர்)

முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சுதான். எப்போதிலிருந்து, வீட்டில் என்ன மாற்றம், தூக்கம் எப்படி, பள்ளி எப்படி என்று கேட்பார்கள். லேசான, நடுத்தர நிலைகளில் பேச்சுச் சிகிச்சையில்தான் தொடங்குவார்கள். மாத்திரை தேவை என்று தோன்றினால் காரணத்தையும் பக்கவிளைவையும் கேளுங்கள், சொல்லவேண்டியது அவர்கள் கடமை.

கணவரிடம் ‘மகளுக்கு மனநோய்’ என்று தொடங்காதீர்கள். ‘அவள் சாப்பிடுவதும் தூங்குவதும் மாறியிருக்கிறது, காட்டிவிடலாம்’ என்று உடம்பிலிருந்து தொடங்கினால் பல அப்பாக்கள் சம்மதிக்கிறார்கள். வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடமே முதலில் போகலாம்.

மகள் வரமாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போகவேண்டாம். முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். என்னிடம் அப்படி வரும் அம்மாக்கள் நிறைய. இரண்டாவது, மூன்றாவது முறைக்குள் பிள்ளையே ‘என்ன கேட்டார்கள்’ என்று விசாரிக்கத் தொடங்கும். ஆனால் அவள் உயிர் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் காத்திருக்கவேண்டாம், இன்றே போய்விடுங்கள். சொல்லியிருக்கிறாளா?


வானம்பாடி

அப்படிச் சொன்னதில்லை. ஆனால் நான் கேட்டதும் இல்லை. இன்று கேட்கிறேன். நாளைக்கு நான் மட்டும் போவதற்கு நேரம் வாங்கிவிட்டேன்.